பத்துக் கண்ணி கூட்டி

பூனாவில் ஸ்வெட்டர் பின்னுவது அவசியத்துக்காகச் செய்கிற வேலை அல்ல. குளிர் டிசம்பரில் எட்டிப் பார்க்கும், பொங்கல் முடிந்ததும் மூட்டை கட்டிவிடும். அதற்காக வருடம் முழுக்க ஒருத்தி ஊசியும் நூலுமாக உட்கார்ந்திருந்தால் அவளுக்கு வேறு வேலை இல்லை என்று ஊர் நினைக்கும். எனக்கு வேலை இருந்தது. கேம்ப் பகுதியில் ஒரு பள்ளி அலுவலகத்தில் டைப் அடித்தேன், கோர்படியில் இருந்த எங்கள் வீட்டில் சமைத்தேன், ஒரு மகளை வளர்த்தேன். மிச்ச நேரத்தில் பின்னினேன். என் கணவர் இறந்தபோதும் பின்னினேன். அழவில்லை. என் மகள் அதை மன்னிக்கவில்லை. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். ஆனால் நூல் சமாசாரம் தெரியாவிட்டால் இது புரியாது என்பதால் அங்கிருந்து தொடங்குகிறேன்.

பின்னியதெல்லாம் ஒரு தகர டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. மழை ஓய்ந்து அக்டோபர் வெயில் வந்ததும் எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் பால்கனியில் உலர்த்தி, பாச்சை உருண்டை மாற்றிப்போட்டுத் திரும்ப அடுக்குவேன். மேலே பச்சைக் குழந்தைகளுக்கான தொப்பிகள். எந்தக் குழந்தைக்கு என்று முடிவு செய்யாமலே பின்னி வைப்பேன், எப்படியும் யாராவது பெறுவார்கள். அதற்குக் கீழே ஒரு ஆண்பிள்ளை மஃப்ளர், கோயில் பூசாரிக்காகப் பின்னி, அவர் ஊருக்குப் போய்விட்டதால் தங்கிப்போனது. டெலிவிஷனுக்கு ஒரு உறை. அதைப் பற்றிப் பேச வேண்டாம், அந்தக் காலத்தில் எல்லார் வீட்டிலும் டெலிவிஷன் முக்காடு போட்டுக்கொண்டுதான் இருந்தது. ஒரு ஜோடி சாக்ஸில் ஒன்று பெரிது, ஒன்று சிறிது. அப்புறம் என் மகளுக்காகப் பின்னிய நான்கு ஸ்வெட்டர்கள். மடிப்புகூடக் கலையவில்லை. அவள் ஒரு நாளும் போடவில்லை. எல்லாவற்றுக்கும் அடியில், பழைய வேட்டித் துணியில் சுற்றி, பாட்டில் பச்சை நிறத்தில் இரண்டு துண்டுகள் வெகு காலம் இருந்தன. ஒரு ஸ்வெட்டரின் முன்பக்கமும் பின்பக்கமும். ஒன்றோடொன்று தைக்கப்படாதவை.

எனக்குப் பின்னல் சொல்லிக்கொடுத்தது பக்கத்து ராணுவ குவார்ட்டர்ஸில் இருந்த ஒரு சுபேதாரின் மனைவி. பஞ்சாபி. என் வயதுதான். அவளுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு அப்போது ஹிந்தி அரைகுறை. அவள் என் விரலைப் பிடித்து ஊசியில் நூலைச் சுற்றிக் கண்ணி என்கிற வளையம் போடவைத்து, நேர்க்கண்ணிக்கு சீதா என்றாள், மறுபக்கக் கண்ணிக்கு உல்டா என்றாள். அப்படியே மனதில் பதிந்துவிட்டது. இன்றும் பால் கணக்கைத் தமிழில் போடுவேன், பின்னும்போது கண்ணிகளை ஹிந்தியில்தான் எண்ணுவேன். இதைச் சொல்லி என் கணவர் கிண்டல் செய்வார். "வேலூர்ப் பொண்ணு வாயில இன்னா ஏக் தோ தீன்?" என்பார்.

அவருக்குப் போசரியில் ஒரு இன்ஜினியரிங் கம்பெனியில் லேத் மிஷின் வேலை. காலை ஷிஃப்ட் என்றால் விடியும் முன்பே ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு போவார். டிசம்பரில் அந்தக் காற்று நெஞ்சைத் துளைக்கும். பூனாவில் ஸ்கூட்டர் ஓட்டுகிற ஆண்கள் எல்லாரும் செய்வதைத்தான் அவரும் செய்தார். முந்தின நாள் செய்தித்தாளை மடித்து சட்டைக்கும் ஸ்வெட்டருக்கும் நடுவே செருகிக்கொள்வார். மராத்தி பேப்பர்தான் கெட்டி என்பது அவருடைய ஆராய்ச்சி முடிவு. நடந்தால் சரசரவென்று சத்தம் வரும். எனக்கு அது அவமானமாக இருந்தது. ஊருக்கெல்லாம் ஸ்வெட்டர் பின்னுகிறவளின் புருஷன் பேப்பர் கட்டிக்கொண்டு போவதா? பேப்பர் தேவைப்படாத ஸ்வெட்டர் ஒன்றைப் பின்னித் தருகிறேன் என்று சபதம் போட்டேன். இரண்டு நூலைச் சேர்த்துப் பிடித்து, காற்றே புகாதபடி பின்ன வேண்டும் என்று திட்டம்.

கேம்ப்பில் நான் வழக்கமாகப் போகும் நூல் கடையில் ஒரு சிந்திக்காரர் இருந்தார். கம்பளி நூலைச் சாயம் போடும்போது ஒரு தடவை போட்டதும் மறு தடவை போட்டதும் ஒரே நிறமாக அமையாது. அதனால் சீட்டில் லாட் நம்பர் இருக்கும். ஒரு ஸ்வெட்டருக்கு வேண்டியது முழுவதையும் ஒரே லாட்டில் வாங்கிவிட வேண்டும், பாதியில் தீர்ந்துபோனால் ஆண்டவனே வந்தாலும் அந்தப் பச்சை கிடைக்காது. பாட்டில் பச்சையைக் கணக்குக்கு மேலேயே வாங்கினேன். அப்போது நூல் லச்சியாகத்தான் வரும், அதாவது பெரிய வளையமாகச் சுற்றியது. அதை ஒருவர் இரண்டு கைகளிலும் மாட்டிப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் உருண்டையாகச் சுற்ற வேண்டும். பிடிப்பது என் கணவரின் வேலை. ஞாயிற்றுக்கிழமை டெலிவிஷன் முன்னால் கையை நீட்டிக்கொண்டு உட்காருவார். பாதியிலேயே கை இறங்கும். "வலிக்குதும்மா" என்பார். "தூக்கிப் பிடிங்க" என்பேன். லேத் பட்டறையில் இரும்பைப் பிடிக்கிற கைக்கு நூல் கனக்கிறதாம்.

முன்பக்கம் நவம்பரில் முடிந்தது. அவர் நெஞ்சில் வைத்துப் பார்த்தேன், கச்சிதம். பின்பக்கத்துக்குக் கண்ணிகூட இன்னும் போடவில்லை. ஒரு மத்தியானம் பள்ளிக்கு போன் வந்தது. மிஷின் முன்னால் சரிந்துவிட்டார் என்றார்கள். மாரடைப்பு. நான் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்கு முன்பே முடிந்துவிட்டது. அவரைப் பார்த்தேன். ஸ்வெட்டருக்கு உள்ளே பேப்பர் அப்படியே இருந்தது. அதை எடுத்து என் கைப்பையில் வைத்துக்கொண்டேன். எங்கே கையெழுத்து போட வேண்டும் என்று கேட்டேன்.

உட்கார்ந்தே இருந்தால் கால் மரத்துப்போகுமே, கிள்ளினால் யாருடைய காலையோ கிள்ளுவது மாதிரி இருக்குமே, அப்படி ஆகிவிட்டது எனக்கு. வலி இருக்கிறது என்று தெரியும். எங்கே என்று தெரியாது. வேலூரிலிருந்து ரயிலேறி வந்த சனங்கள் வாசலிலேயே மாரில் அடித்துக்கொண்டு கட்டிப்பிடித்தார்கள். நான் அவர்கள் முதுகைத் தட்டிக்கொடுத்து, டீ குடிச்சீங்களா என்று கேட்டேன். காலனிப் பெண்கள் என்னைக் குலுக்கிப் பார்த்தார்கள். "அழுதுடும்மா, நெஞ்சு அடைச்சுக்கும்" என்றார்கள். அழ முயன்றுகூடப் பார்த்தேன். தும்மல் வராமல் போவது மாதிரி எல்லாம் மூக்கு வரைக்கும் வந்து நின்றுவிட்டது.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, வீடு நிறைய ஆட்கள் இருக்கும்போது, நான் பீரோவைத் திறந்து பச்சை நூலை எடுத்தேன். பின்பக்கத்துக்குக் கண்ணி போட்டேன். ஏன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. கை சும்மா இருக்க மாட்டேன் என்றது. மூலையில் சாய்ந்து உட்கார்ந்து ஒரு வரி சீதா, ஒரு வரி உல்டா என்று போய்க்கொண்டே இருந்தேன். என் நாத்தனார், கணவருக்கு அக்கா, பார்த்துவிட்டு அரண்டுபோனார்.

"ஏம்மா, ஊசியக் கீழ வை. எழவு வூட்டுல ஸ்வெட்டர் பின்னுவாங்களா? பார்க்கறவங்க இன்னா நெனப்பாங்க?"

"நெனைக்கட்டும் அண்ணி" என்றேன். கீழே வைக்கவில்லை. அவர் நல்லவர்தான், தம்பியை இழந்தவர். என்னைப் பார்த்த அவர் பார்வையில் அன்றைக்கு அருவருப்பு இருந்தது. அது எனக்கு உறைத்ததா என்றால், இல்லை. எதுவும் உறைக்கவில்லை.

என் மகள் அப்போது பன்னிரண்டாவது படித்துக்கொண்டிருந்தாள். அப்பா செல்லம். நாளெல்லாம் அழுது முகம் வீங்கிப்போயிருந்தது. காரியத்துக்கு முந்தின நாள் சமையலறைக்கு வந்து நின்றாள். என் கையில் அப்போதும் ஊசி இருந்தது. அவள் தமிழ் வீட்டோடு சரி, கோபம் வந்தால் ஹிந்தி கலந்துவிடும்.

"உனக்கு ஒண்ணுமே ஆகலை, இல்ல? அப்பா போயிட்டார், உனக்கு குச் பி நஹி. நீ கல்லும்மா."

எனக்கே சந்தேகமாக இருந்தது. இருபது வருஷம் கூட வாழ்ந்தவர் போய்விட்டார், ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை, அப்படியென்றால் நான் கல்லாகத்தானே இருக்க வேண்டும்? எண்ணிக்கை தப்பாமல் வரிசையை முடித்தேன்.

காரியம் முடிந்து எல்லாரும் போனபின் இரண்டு துண்டுகளையும் தைக்க எடுத்து, கட்டிலில் ஒன்றின் மேல் ஒன்றை வைத்தேன். பின்பக்கம் சின்னதாக இருந்தது. கொஞ்சம் நஞ்சமல்ல, அகலத்தில் நான்கு விரல் குறைவு, உயரத்திலும் குறைவு. கண்ணிகளை எண்ணினேன். சரியாக இருந்தது. வரிசையை எண்ணினேன், அதுவும் சரி. அதே ஊசி, அதே லாட், அதே இரட்டை நூல். சுபேதார் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் முன்பக்கத்தைத் தொட்டாள், பின்பக்கத்தைத் தொட்டாள், அதைச் செங்குத்தாகப் பிடித்துப் பார்த்தாள். தானாகவே நின்றது. "இது துணி இல்லை, பலகை. பிரித்துவிடு" என்று ஹிந்தியில் சொன்னாள். பின்னுகிற எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான். கை இறுகினால் கண்ணி இறுகும், கண்ணி இறுகினால் துணி சுருங்கும். ஒரு வரி, இரண்டு வரி அப்படி ஆவதுண்டு. மாமியாரோடு சண்டை போட்ட நாளில் பின்னியதைத் தடவியே கண்டுபிடிக்கலாம் என்று அவளே சொல்வாள். ஆனால் முழுப் பின்பக்கமும் அப்படி ஆகி நான் பார்த்ததில்லை.

நான் எதையும் பிரிக்கத் தயங்காதவள். மகள் சின்னவளாக இருந்தபோது வருடா வருடம் அவள் ஸ்வெட்டரைப் பிரித்து, நூலை அலசி, வேறு நிறத்தில் ஒரு பட்டை சேர்த்து அடுத்த அளவுக்குப் பின்னுவேன். இதைப் பிரிக்கவில்லை. இரட்டை நூல், சிக்கு விழும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டு துணியில் சுற்றி அடியில் வைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு பள்ளியில் ஒரு டீச்சரின் குழந்தைக்கு ஸ்வெட்டர் பின்னிக் கொடுத்தேன். குழந்தையின் தலை நுழையவில்லை. மறுபடி பின்னினேன், அதுவும் இறுக்கிப் பிடித்தது. கடைக்காரர் பருமனான ஊசி போடச் சொன்னார், போட்டுப் பார்த்தேன், கை அதையும் இறுக்கியது. கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தேன். எந்த அளவாக இருந்தாலும் வழக்கமான கண்ணிக்கு மேல் பத்துக் கூட்டிப் போடுவது. குழந்தைக்கும் பத்து, பெரியவர்களுக்கும் பத்து, கணக்குப்படி பார்த்தால் அபத்தம்தான். ஆனாலும் ஏறக்குறைய சரியாக வந்தது. அதுவே பழக்கமாகிவிட்டது. சாதத்துக்குத் தண்ணீர் வைப்பது மாதிரி, யோசிக்காமல் பத்துக் கூட்டுவேன். லச்சி பிடிக்க ஆளில்லாததால் நாற்காலியின் முதுகில் மாட்டிச் சுற்றினேன். நாற்காலி கை வலிக்கிறது என்று சொல்லாது.

வருஷங்கள் போயின. மகள் படித்தாள், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள், கல்யாணம் ஆயிற்று. எங்களுக்குள் சண்டை கிடையாது. போன் செய்வாள், சாப்பிட்டியா என்பாள், மாத்திரை போட்டியா என்பாள். அப்பாவைப் பற்றி மட்டும் என்னிடம் பேசமாட்டாள். அவர் நினைவு நாளில் அத்தைக்குத்தான் போன் போகும். அங்கே இரண்டு பேரும் சேர்ந்து அழுவார்கள். நான் பின்னிக் கொடுத்ததை வாங்கிக்கொள்வாள், இங்கேயே விட்டுவிட்டுப் போவாள். குளிருக்கு கேம்ப் ரோட்டோரத்தில் வாங்கிய ஜாக்கெட் போட்டுக்கொண்டாள். எனக்கு வருத்தமா என்று கேட்காதீர்கள். எனக்குத் தெரியவில்லை. அவள் போன பிறகு ஸ்வெட்டரை மடித்துப் பெட்டியில் வைப்பேன், அவ்வளவுதான்.

ஒரு வருஷம் அவளுக்கும் மாப்பிள்ளைக்கும் கனடாவுக்கு மாற்றல் ஆகியிருந்தது. டிசம்பரில் கிளம்ப வேண்டும். அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தவள், நான் கம்பளிகளை உலர்த்திக்கொண்டிருந்ததைப் பார்த்து உதவிக்கு வந்தாள். பெட்டியைக் காலி செய்தவள் அடியில் இருந்த வேட்டித் துணியைப் பிரித்துவிட்டாள்.

"அம்மா, இது அப்பாவோடது."

"ஆமாம்."

கட்டிலில் விரித்துவைத்துப் பார்த்தாள். சின்ன வயதில் பொம்மைக்கு மஃப்ளர் பின்னத் தெரிந்தவள்தான். "நீ கவுன்ட் தப்பு பண்ணிட்டே" என்றாள். என்னிடம் ஒரு தப்பைக் கண்டுபிடித்த சந்தோஷம் குரலில் இருந்தது.

"எண்ணிப் பாரு" என்றேன்.

எண்ணினாள். அவளும் ஹிந்தியில்தான் எண்ணினாள். பிறகு வரிசைகளை எண்ணினாள். நூல் வேறா, ஊசி வேறா என்று கேட்டாள். இல்லை என்றேன்.

"அப்புறம் ஏன் இப்படி?"

"முன்பக்கம் உங்கப்பா இருக்கும்போது பின்னினது. இது அவர் போனப்புறம். நீங்கள்லாம் உக்காந்து அழுதுட்டிருந்தீங்களே, அப்ப."

அவள் பின்பக்கத்தை இரண்டு கைகளிலும் பிடித்து இழுத்தாள், முன்பக்கத்தின் அளவுக்கு வருமா என்று பார்க்கிறவள் மாதிரி. அசையவில்லை. ஊசியை எடுத்து ஒரு கண்ணியில் நுழைக்கப் பார்த்தாள், முனைகூட இறங்கவில்லை.

"இவ்ளோ டைட்டா எப்படிம்மா பின்னே? கை வலிக்கலை?"

"தெரியலை. கை அப்படிப் போயிடுச்சு. இப்பவும் அப்படித்தான் போகுது. எதுக்கும் பத்துக் கண்ணி கூட்டித்தான் போடறேன்."

"எப்பலேர்ந்து?"

"அப்பலேர்ந்து."

அவள் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். பச்சைத் துண்டை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். "எனக்குத் தெரியாதும்மா" என்றாள். எனக்கும்தான் தெரியாது என்று சொல்ல நினைத்தேன். குக்கர் விசில் அடித்தது, போய் அணைத்துவிட்டு வந்தேன். எனக்கு அப்போதும் அழுகை வரவில்லை. நான் திரும்பி வந்தபோது அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு ஒண்ணு பின்னித் தர்றியா? அங்க ரொம்பக் குளிரும்."

அத்தனை வருஷத்தில் அவளாக வாய்திறந்து கேட்டது அதுதான். "நூல் வாங்கணும்" என்றேன்.

கேம்ப்புக்குப் போனோம். கடுகு மஞ்சள் அவள் தேர்வு, எனக்குப் பிடிக்கவில்லை. கடைக்காரர் லாட் நம்பர் பார்த்து எண்ணி எடுத்துக் கொடுத்தார். இப்போதெல்லாம் உருண்டையாகவே வருகிறது, ஆனால் அந்த மஞ்சள் லச்சியாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து வழக்கம்போல் நாற்காலியை இழுத்தேன். அவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எதிரே உட்கார்ந்து இரண்டு கைகளையும் நீட்டினாள்.

"மாட்டு."

மாட்டினேன். பாதியிலேயே கை இறங்கியது. "வலிக்குதும்மா" என்றாள்.

"தூக்கிப் பிடி" என்றேன். என் குரல் கொஞ்சம் பிசகியது. அவள் கையைத் தூக்கிப் பிடித்தாள்.

நவம்பர் முழுக்கப் பின்னினேன். அவள் அளவுக்கான கண்ணி, அதற்கு மேல் பத்து. நடுவில் அளந்து பார்க்கவில்லை. அத்தனை வருஷப் பழக்கம், அளக்க என்ன இருக்கிறது? கிளம்புவதற்கு முந்தின நாள் விடைபெற வந்தவளிடம் கொடுத்தேன். போட்டுக்கொண்டாள். தோள் முழங்கையை நோக்கி இறங்கியது. விரல் நுனி வெளியே தெரியவில்லை. கண்ணாடி முன்னால் நின்று சிரித்தாள்.

"அம்மா, இதுக்குள்ள ரெண்டு பேர் போகலாம்."

எனக்கு ஆத்திரம் வந்தது, என் மேல்தான். டேப்பை எடுத்து அளந்தேன். எண்ணினேன். எண்ணிக்கை சரியாக இருந்தது. இழுத்துப் பார்த்தேன். கண்ணிகள் மெத்தென்று விலகி மறுபடி சேர்ந்தன. அந்தப் பச்சை முன்பக்கத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தால் அதே கை, அவர் இருந்தபோது பின்னிய கை.

"கழட்டு. பிரிச்சுக் குறைச்சுத் தர்றேன்" என்றேன். நாளைக்கு விமானம் என்பதுகூட மறந்துபோயிற்று.

அவள் கழற்றவில்லை. சிரிப்பு நின்றிருந்தது. என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பத்து கூட்டினியா?"

"கூட்டினேன்."

"இனிமே கூட்டாதம்மா."

கிளம்பும்போது பச்சைப் பின்பக்கத்தைக் கேட்டு வாங்கித் தன் பையில் வைத்துக்கொண்டாள். அதைக் கொண்டுபோய் என்ன செய்வாய் என்றேன், சும்மா இருக்கட்டும் என்றாள். மத்தியான வெயிலில் அந்த மஞ்சள் ஸ்வெட்டரோடு ஆட்டோவில் ஏறினாள். ஆட்டோக்காரர் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

அடுத்த வாரம் மறுபடி நூல் கடைக்குப் போனேன். முன்பக்கத்தை எடுத்துக்கொண்டு போய், இந்தப் பச்சை வேண்டும் என்றேன். கடைக்காரர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத் தலையை ஆட்டினார். இந்த லாட் எந்தக் காலத்திலோ தீர்ந்துபோனது, கொஞ்சம் வேறாகத்தான் கிடைக்கும், பரவாயில்லையா என்று கேட்டார். பரவாயில்லை என்றேன். அவருக்கு ஆச்சரியம், நிற விஷயத்தில் நான் விட்டுக்கொடுத்ததே இல்லை.

பின்னி முடித்ததும் நானே போட்டுக்கொள்ளலாம் என்று திட்டம். முன்னால் ஒரு பச்சை, பின்னால் வேறொரு பச்சை. இரட்டை நூலாகப் பிடித்து, முன்பக்கத்தின் கண்ணிகளை எண்ணி, அதே அளவுக்குப் பின்பக்கத்துக்குப் போட்டேன். கை பழக்கத்தில் மேலே போகப் பார்த்தது. நிறுத்தினேன். கூட்டவில்லை. மரத்த காலுக்கு உணர்வு திரும்பும்போது முதலில் குத்தும் என்று எனக்குத் தெரியும். பயமாகத்தான் இருந்தது. ஊசியைத் திருப்பிப் பிடித்து முதல் வரிசையைத் தொடங்கினேன், சீதா.